சம்பந்தி வரும் வாசல்

ஷிப்டு விடும் சங்கு ஊதினாலே லேத்து கக்கூஸ் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இரும்பு கடையும் லேத் மெஷினை விட்டு அவர் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த மெஷினே இப்போது இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. பேர் மட்டும் லேத்து என்றே ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் போட்டிருப்பது நீலச் சட்டை, கழுத்தில் விசில் கயிறு. ஆலை வாசலில் நின்று, வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவதுதான் வேலை.

அரசாங்கம் மாறியது. மாறின கையோடு நஷ்டம் நஷ்டம் என்று சொல்லி ஆலையை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி வந்து ஆளில் பாதியை வீட்டுக்கு அனுப்பியது. லேத்து அந்தப் பாதியில் போனார். அவருடைய சம்பந்தி மிச்சப் பாதியில் நின்றார். இவர் ஏன் போனார், அவர் ஏன் நின்றார் என்று யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் ஒரு காண்ட்ராக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டு, அதே ஆலைக்கு லேத்து வந்து சேர்ந்தார். உள்ளே இல்லை, வாசலில்.

சம்பந்தி ஃபிட்டர். இரண்டு பேரும் ஒரே ஷெட்டில் குப்பை கொட்டியவர்கள். கை கழுவும் குழாயடியில், சோப்பு நுரை வழிய நின்றபடிதான் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். அதுவரை வாடா, போடா. அன்றிலிருந்து வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே! பழைய நினைப்பில்கூட லேத்து அவர் தோளில் கை போட்டதில்லை.

அந்த மனிதரின் இடுப்பை இப்போது தடவிப் பார்க்க வேண்டும்.

உள்ளே பித்தளைச் சாமான் காணாமல் போகிறதாம். ஒரு துரும்பு வெளியே போனாலும், கொண்டுபோனவனுக்கும் வேலை இல்லை, விட்டவனுக்கும் வேலை இல்லை என்று உத்தரவு. லேத்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சம்பந்தியின் தலை வரிசையில் தெரிந்ததும், கூட நிற்கும் இன்னொரு வாட்ச்மேன் குட்டையிடம் "கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கக்கூஸுக்குப் போய்விடுவார். அங்கே குழாயைச் சும்மா திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

வரிசையில் நிற்கிறவர்களுக்கு இது தெரியாமலா போகும்?

"லேத்தண்ணே, சம்பந்தி வர்றாரு. ஓடு ஓடு!"

"பொண்ணக் குடுத்தாலும் குடுத்தாரு, கக்கூஸ்லயே குடித்தனம் வெச்சுட்டாரு."

"சிரிங்கடா. உங்க வீட்லயும் பொண்ணு வளருதுல்ல," என்பார் லேத்து.

அன்றைக்கு, சங்கு ஊதுவதற்கு முன்பே குட்டையை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார் சூப்பர்வைசர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு லேத்துக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன பெரியவரே, இன்னிக்கு வயிறு எப்படி?"

"நல்லாருக்கு சார்."

சட்டைப் பை, கால்சட்டைப் பை, இடுப்பு, சாப்பாட்டு டப்பா. வரிசை நகர்ந்தது. லேத்துக்குக் கை இங்கே, நினைப்பு மகளிடம். "உங்கப்பா வாட்ச்மேன்தானே" என்று மாமியார் வாயில் ஏற்கெனவே அவள் அரைபட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு மாமனார் இடுப்பில் இவர் கை வைத்தால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வீட்டில் நடமாடுவாள்? வைக்காவிட்டால் நீலச் சட்டை போய்விடும். போனால், வாட்ச்மேன் மகள் என்ற பேர்கூட அவளுக்கு இருக்காது.

சம்பந்தி வந்து நின்றார். வரிசையில் சிரிப்பு நின்றது.

"வாங்க சம்பந்தி." பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

சம்பந்தி இரண்டு கையையும் தூக்கினார். "சட்டுப்புட்டுனு பாருங்க. எனக்கும் கால் வலிக்குது."

லேத்து பையைத் தொட்டார். இடுப்பைத் தொட்டார். பின்பக்கம், பெல்ட்டுக்கு உள்ளே, கைக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

கழிவுத்துணி. மெஷின் துடைக்க மூட்டையில் வருவது. நாள் பூராவும் கையைத் துடைத்துத் துடைத்து, இடுப்பில் செருகிக்கொள்வது ஃபிட்டர்களின் பழக்கம். முன்பெல்லாம் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்தத் துணியால் தரை துடைக்காத தொழிலாளி வீடு ஊரில் கிடையாது. யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததுமில்லை. சம்பந்தியின் முகம் வெளுத்த வெளுப்பிலேயே, அவருக்கும் இப்போதுதான் நினைப்பு வருகிறது என்று லேத்துக்குப் புரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவனுக்கு அது மூக்கில் இருப்பது தெரியுமா என்ன?

லேத்து துணியை உருவினார். உருவின வேகத்திலேயே தன் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார், பிடரியைத் துடைத்தார்.

"என்னா புழுக்கம்," என்றார்.

நாற்காலி கிறீச்சிட்டது. "என்ன துணி அது?"

"நம்மளுதுதான் சார். வேர்வை துடைக்க."

சூப்பர்வைசர் எழுந்து முன்னால் வந்து பார்த்தார். காதிலிருந்து தாடை வரைக்கும் கிரீஸ். வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, இருமவுமில்லை. சூப்பர்வைசருக்கு லேத்துவின் மருமகன் வயசுதான் இருக்கும். அவருக்கும் மேலே ஒருத்தர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். லேத்துவைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தார்.

"துணிய டிரம்ல போடுங்க. நாளையிலேருந்து நீங்க பின்பக்க கேட்டு. குப்பை லாரி வர்ற எடம். ஒண்டிக்க நிழல் கிடையாது, சொல்லிட்டேன்."

"சரிங்க சார்."

சம்பந்தி டப்பாவை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார். அடுத்த ஆள் தானாகவே கையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

வீட்டில் சோப்பு கரைந்ததே தவிர கிரீஸ் போகவில்லை. "வாசல்ல நிக்கிற மனுசனுக்கு மூஞ்சில எங்கேருந்து வந்துச்சு இது?" என்று மனைவி தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மகளிடமிருந்து போன் வந்தது. லேத்து ஈரக் கையோடு எடுத்தார்.

"அப்பா, இன்னிக்கு கேட்டுல என்ன நடந்துச்சு?"

"ஏம்மா, உங்க மாமா ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. அத்தைகிட்டயும் சொல்லல. தட்டுல போட்டது போட்டபடி இருக்கு. மறந்துட்டேன், மறந்துட்டேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காரு. என்னத்த மறந்தாருப்பா?"

மனைவி நாரை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. வயசாகுதுல்ல," என்றார். "சோறு ஆறிடப் போவுது. ரெண்டு வாயாவது சாப்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத."