செத்தவீட்டுச் சோறு

யசோதினி அப்பாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மரண அறிவித்தல் வாசலைக் கடந்து போனது. ஓட்டோவின் மேல் கட்டிய ஒலிபெருக்கி, பனிச்சங்கேணியைச் சேர்ந்த வினாயகமூர்த்தி தமது எழுபதாவது வயதில் காலமானார் என்று ஊருக்கே சொன்னது. காலமானவர் கண்ணைத் திறந்தார்.

“அறுவத்தெட்டு,” என்றார் மெல்ல. “வயசப் பிழையாச் சொல்றான்.”

யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்துக்கு ஓடினாள். வாடகைக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் வினோஜன் அகப்பட்ட திருடனாக நின்றான்.

“வீட்ட கொண்டுபோங்க எண்டு ஆஸ்பத்திரியில சொன்னா என்ன அர்த்தம்? அதுதான் எல்லாத்தையும் ஆயத்தமா வெச்ச. நான் கோல் எடுத்தாப் பிறகுதான் வெளிக்கிடச் சொன்ன. ஓட்டோக்காரனுக்குப் பின்னேரம் வேற ஹயர் ஓட்டமாம், அதான் முந்தியே வெளிக்கிட்டுட்டான்.”

“மனிசன் உசிரோட கிடக்கார்! எடுத்து நிப்பாட்டுங்க அவன!”

“எடுத்துப் பாத்த. அந்தச் சத்தத்துல அவனுக்கு போன் கேக்குதில்ல.”

அதற்குள் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் மாமி மாரில் அடித்துக்கொண்டு வந்து, நேரே குசினிக்குள் புகுந்து, கொதித்த உலையை இறக்கி வைத்து அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். செத்தவீட்டில் பிரேதம் போகும் வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது, ஒருவரும் ஒரு வாய் சாப்பிடக்கூடாது. மாமி எதிலும் முந்திக்கொள்கிறவள். பிறகு அழுவதற்காக அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வினாயகமூர்த்தி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். ஒப்பாரி தொண்டையோடு நின்றது.

கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. வெள்ளைச் சேலையும் குடையுமாக வந்தவர்களுக்குத் திரும்பிப் போகவும் மனமில்லை, அழவும் வழியில்லை. “இன்னும் இல்லையாம்,” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்கள். அந்த ‘இன்னும்’ ஒவ்வொரு முறையும் யசோதினிக்குச் சுருக்கென்றது. இவர்களில் ஒருவரையும் அப்பா கேட்கவில்லை. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் கேட்பது தன் அண்ணனை மட்டுந்தான்.

அண்ணன் சாமித்தம்பி கரடியனாற்று வயல்காரர். நாற்பது வருசத்துக்கு முன் யார் யாருடைய காலையோ பிடித்துத் தம்பிக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை எடுத்துக் கொடுத்தார். ஊரில் பெண்ணும் பேசி வைத்தார். தம்பி பஸ் ஏறினான். மாரி வெள்ளம் பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வீதியை மூடியிருந்தது. பஸ் நின்றது. பிறகு வெள்ளம் வடிந்தது, பஸ் போனது, அதில் வந்தவர்களும் போனார்கள். தம்பி மட்டும் போகவில்லை. தங்க இடம் கொடுத்த மீன்காரரின் மகள் சீதேவிப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாவியில் வலை போடத் தொடங்கிவிட்டான். பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்த அண்ணன் தலை குனிந்து நின்றார். அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், அங்கே கை நனைக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். சொன்னபடியே இருந்தார்.

யசோதினிக்கும் அந்த பஸ்ஸின் மேல் தீராத ஆத்திரம் உண்டு. தான் வேலை செய்யும் பாசிக்குடா ஹோட்டலில் யாரோ படுத்தெழும்பிய விரிப்புகளை மாற்றும்போதெல்லாம், இந்த மனிதன் அன்றைக்குப் பேசாமல் ஏறிப் போயிருக்கக் கூடாதா என்று நினைப்பாள். போயிருந்தால் தானே பிறந்திருக்க மாட்டாள் என்பது தெரியாமலில்லை. ஆத்திரத்துக்கு அந்த நியாயமெல்லாம் தேவைப்படுவதில்லை.

போன கிழமை வெட்கத்தை விட்டுப் பெரியப்பாவுக்கு போன் எடுத்தாள். “செத்தாச் சொல்லு மகள். வந்து கோடி வேட்டி போடுவன், அது என்ட கடமை. அதுக்கு முன்ன வரமாட்டன்,” என்றார் அவர். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. வயல் வேலையாம் என்று சொன்னாள்.

குசினியில் சீதேவிப்பிள்ளை நனைந்த சாம்பலை வழித்தெறிந்துகொண்டிருந்தாள். “ஆள் உசிரோட கிடக்கக்க என்ட அடுப்ப அணைக்க ஆருக்கு உரிமை இரிக்கி? மறுகா, இத்தன சனமும் பட்டினியாவா இரிக்கிற?” பெரிய பானையை ஏற்றினாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது சாமித்தம்பி வந்தார். யாரோ அவருக்கும் செய்தி சொல்லியிருந்தார்கள். பிரேதத்துக்குப் போர்த்தும் புது வேட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “தம்பீ” என்று கதறியபடி படலையைத் திறந்தவர், முற்றத்தில் எல்லோரும் சோறு தின்பதைக் கண்டு திகைத்து நின்றார். வினோஜன் போய்க் காதில் சொன்னான்.

“ஏமாத்திக் கூப்பிட்டிருக்கீங்க!” பெரியப்பா கத்தினார். “செத்ததெண்டுதானே வந்த நான்!”

“கோவிக்காதீங்க பெரியப்பா,” என்றாள் யசோதினி. “கொஞ்சம் பொறுத்தா செத்துருவார். நில்லுங்க.”

உள்ளேயிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது.

“அண்ணன்ட சத்தமா?”

பெரியப்பா படலையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். காலையிலிருந்து பட்டினியாக இரண்டு பஸ் மாறி வந்த நீரிழிவுக்காரக் கிழவர், கக்கத்து வேட்டியை ஒரு கதிரையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார்.

“பஸ்ஸில வந்த மத்தாக்கள் எல்லாம் போனாங்கதானே? உன்ட காலுக்கு மட்டும் என்ன வந்த?”

“தண்ணி வத்தல்ல அண்ண.”

“நாப்பது வருசமாவா?”

வினாயகமூர்த்தி சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடங்கொடுக்கவில்லை. “சாப்பிட்ட நீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பா வெளி விறாந்தையில் போய் உட்கார்ந்தார். சீதேவிப்பிள்ளை அவர் முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்தாள். அவரோடு அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

“இது செத்தவீடில்ல அத்தான். சீனி வருத்தக்காரர் பட்டினி கிடக்கப்படாது.”

வெகுநேரம் கோப்பையையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவினார். திறந்த கதவு வழியாக அப்பா அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். யசோதினி அவருடைய தலையை நிமிர்த்திப் பிடித்தாள்.

“குழம்புல உப்புக் காணா,” என்றார் பெரியப்பா கோபமாக. என்றாலும் அடுத்த கவளத்தை உருட்டினார்.

அப்பாவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. யசோதினி காத்திருந்தாள். மறுபடி ஏறவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். மூக்கருகே விரலைப் பிடித்தாள்.

வெளியே கோப்பையில் பாதிச் சோறு இருந்தது. அவள் வாயைத் திறந்தால் போதும், அந்தக் கை அப்படியே நின்றுவிடும்.

அவள் அப்பாவின் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்து, கண்களை மூடிவிட்டாள்.

“அம்மா,” என்றாள், சாதாரணமாக. “பெரியப்பாக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைங்க.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. யசோதினி கட்டிலை மறைத்தாற்போல் கதவடியில் உட்கார்ந்து, அவர் தின்று முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.