கடல் பக்கமே வீசும் காற்று

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அணுமின் நிலையப் பாதுகாப்பு, அதிகாரிகளின் பொறுப்பு என்று ஏதோ பெரிய மனுஷன் மாதிரி பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதெல்லாம் சும்மா. என் மனைவி கனாயே போனில் நுமஜிரியோடு பேசும்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

நுமஜிரி எங்கள் ஊர் அலுவலகத்தில் பேரிடர்ப் பிரிவின் தலைவன். (தலைவர் என்றுதான் எழுத வேண்டும். என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) கனாயே அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நெஞ்சில் ஈரமில்லாத அதிகாரியான நுமஜிரி, ஊர் மக்களின் உயிரைத் துச்சமாக மதித்து, காற்றின் திசையையே...'

அடித்துவிட்டேன். நெஞ்சில் ஈரமில்லாதவன் தன் கையால் பிடித்த சோற்றுருண்டையில் ஒன்றைத் தினமும் மதியம் என் மனைவிக்குக் கொடுக்க மாட்டான். உள்ளே உப்பில் ஊறிய பிளம் பழம் வைத்திருப்பானாம். அவளுக்கு அது பிடிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எங்கள் ஊரில் வெளியேற்ற ஒத்திகை நடக்கும். அணுமின் நிலைய உலையில் கசிவு என்று வைத்துக்கொண்டு எல்லோரும் பேருந்தில் ஏற வேண்டும். அன்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கும். எங்கள் ஊர்த் திட்டத்தில் அது எல்லா வருஷமும் கடல் பக்கம்தான் வீசும். கடல் பக்கம் வீசினால், வடக்கு மலையில் இருக்கும் முதியோர் இல்லத்தைக் காலி செய்ய வேண்டியதில்லை. அங்கே பாதிப் பேர் படுத்த படுக்கை. அவர்களைத் தூக்க ஆளும் கிடையாது, ஏற்ற வண்டியும் கிடையாது.

நிறுத்தி வைத்த உலையை மறுபடி ஓட்ட ஊர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்துக்கு அடிப்படை இந்தத் திட்டம்தான்.

3

விளக்கக் கூட்டத்தில் முதியோர் இல்லத்து நர்ஸ் வகிசாகா எழுந்தாள்.

"எங்க மலைப் பக்கம் காத்து அடிக்கவே அடிக்காதா சார்? நான் காயப்போடுற துணியெல்லாம் பறந்து மலை மேலதான் போய் விழுது. ஒருவேளை என் துணிக்குத் திட்டம் தெரியாதோ என்னவோ."

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"இதை யாரு முடிவு பண்ணாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திட்டத்தில் கையெழுத்துக்குப் பதிலாக எல்லோருடைய முத்திரையும் இருந்தது. எல்லோரும் முத்திரை குத்தினால் யாருமே குத்தாத மாதிரிதான். துணை மேயர், 'தயாரித்தவர்' என்ற இடத்தில் இருந்த பெயரைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். அது என் மனைவியின் பெயர்.

அதற்குள் நுமஜிரி எழுந்துவிட்டான்.

"நான்தாங்க. கடல் பக்கம்னு எழுதச் சொன்னது நான்தான். பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

குனிந்தான். கேமராக்கள் எல்லாம் படம் பிடித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. கனாயே அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

4

(இந்த இடத்தில் கதாசிரியனுக்கு ஒரு நப்பாசை. நுமஜிரி சொன்னது நிஜமாக இருந்தால் அவன் குற்றவாளி. எனக்கு அது போதும்.)

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"அவன்தான் உன்னை எழுதச் சொன்னானா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"யாரும் சொல்லலைங்க. போன வருஷத் திட்டத்தை எடுத்து தேதியை மட்டும் மாத்தினேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் அதேதான் பண்ணியிருக்காரு. முன்ன எப்படியோ அப்படியே செஞ்சா எங்க ஆபீஸ்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"அப்ப உனக்காகப் பொய் சொல்லியிருக்கான்."

"ஆமா."

ஒரு நாவலாசிரியன் இந்த 'ஆமா'வுக்குப் பிறகு என்ன எழுத வேண்டும்? நான் எழுதிப் பார்த்தது: 'அவள் குரலில் நன்றி மட்டுமே...' இதையும் அடித்துவிட்டேன். நன்றி மட்டும்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

5

நுமஜிரியை ஊர் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். பொறுப்பேற்ற அதிகாரி என்று நாளிதழ் புகழ்ந்தது. மீன் கடைக்காரி என் பையில் மத்தி மீனைப் போட்டுக்கொண்டே, "ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்" என்றாள். இருக்கட்டும். அவளும் அந்தப் பக்கம்தான்.

எங்கள் ஊரில் ஒருவர் தலை குனிந்துவிட்டால் கேள்வி எழுந்து வீட்டுக்குப் போய்விடும். வகிசாகாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. புதிய திட்டம் வந்தது. தயாரித்தவர் வேறு ஆள். காற்று மட்டும் கடல் பக்கமே வீசியது.

இன்று கடைசிக் கூட்டம். உலையை ஓட்டலாமா என்று நாளை வாக்கெடுப்பு.

"நான் எழுந்து சொல்லப் போறேன்" என்றாள் கனாயே. "அவர் இல்ல, நான்தான்னு. யாருமே முடிவு பண்ணலை, இந்த வருஷமும் பழசைப் பாத்து எழுதினதுதான்னு."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும்."

"அவனுக்கு அவன் நாற்காலி திரும்பக் கிடைக்கும். அதுக்குத்தானே?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மலைல படுத்துக் கெடக்கிறவங்களுக்கு வண்டி கிடைக்கும். அது உங்க கண்ணுலயே படலையா?"

6

முடிவு ஒன்று: அவள் அந்த முதியவர்களுக்காக எழுந்து உண்மையைச் சொல்கிறாள்.

முடிவு இரண்டு: அவள் நுமஜிரிக்காக எழுந்து உண்மையைச் சொல்கிறாள்.

இரண்டிலும் அதே பெண், அதே சொற்கள். வண்டி வந்தால் இரண்டிலும் அதே வண்டிதான். படுக்கையில் கிடப்பவருக்கு எந்த முடிவாக இருந்தால் என்ன? எனக்கு மட்டும்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூன்றாவதாகவும் ஒரு முடிவு எழுதினேன். அதில் அவளுக்குக் காய்ச்சல், கூட்டத்துக்கே போகவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இப்போது கறுப்பு சூட் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் போடும் உடை. உதட்டுச் சாயமும் பூசியிருக்கிறாள். அது யாருக்கு?

"கார்ல கொண்டுபோய் விடுறீங்களா?"

"இந்தப் பத்தியை முடிச்சிட்டு வரேன்."

"நீங்க நிதானமா முடிங்க. நான் நடந்தே போறேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசகரே, கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். முன்வரிசை காலியாகத்தான் இருக்கும், எங்கள் ஊரில் யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். அவள் என்ன சொன்னாள், யார் பதில் சொன்னார்கள், வண்டிக்கு வழி பிறந்ததா என்று காது கொடுத்துக் கேளுங்கள். என்னை அனுப்பினால் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது. பேசும்போது அவள் யாரைப் பார்க்கிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.