அணைக்க மறந்த செட்டிங்

என் அண்ணன் குழந்தை ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்குது. குறைமாசம். மூச்சு நின்னா அலாரம் அடிக்கப் பக்கத்துல எங்க கம்பெனி மெஷின் ஒண்ணு. அதை டெஸ்ட் பண்ணவ நான்தான். "நம்ம மெஷின் அண்ணி, கவலையே படாதீங்க"ன்னு வாய் கிழியப் பேசினதும் நான்தான்.

அந்த மெஷினோட சிப்புக்குள்ள வேலை பார்க்கிற நாலு கோர். நாலு அடுப்புன்னு வச்சுக்கோங்க, வேலைதான் பானை. எந்தப் பானையை எந்த அடுப்புல ஏத்தறதுன்னு முடிவு பண்றது ஷெட்யூலர்ங்கிற புரோகிராம். அது எவ்வளவு வேகமா ஏத்துதுன்னு அளக்கிறது என் பொழைப்பு. வேலை இல்லாத கோர் கரண்டை மிச்சம் பிடிக்கத் தூங்கிடும். அளக்கும்போது மட்டும் அந்தத் தூக்கச் செட்டிங்கை அணைச்சு வைப்போம், இல்லேன்னா நம்பர் தாறுமாறா ஆடும். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான்.

இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல அதே மாடல் மெஷினை ஓட்டும்போது அதை அணைக்க மறந்து தொலைச்சேன். ஓட்டின அத்தனை தடவையும் அலாரம் டக்கு டக்குன்னு வந்துச்சு. ஒரே ஒரு தடவை மட்டும் இழுத்துக்கிட்டே போச்சு. நோண்டிப் பார்த்தா, தூங்குற கோர் கையில அலாரம் அடிக்கிற வேலையைக் கொடுத்துட்டு, அதை எழுப்பாமலே விட்டிருக்கு அந்தப் பாழாப்போன ஷெட்யூலர். வேற ஏதோ வேலை வந்து அந்தக் கோர் முழிச்ச பிறகுதான் அலாரம் அடிச்சுது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார்.

"செட்டிங்கை அணைக்கலையாம்மா? அணைச்சுட்டுத் திரும்ப ஓட்டு. சராசரி அருமையா இருக்கே."

"ஆஸ்பத்திரி மெஷின்ல அந்தச் செட்டிங்கை யாரு சார் அணைப்பா?"

மனுஷன் அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். எனக்கு வந்த ஆத்திரம் பாதி அவர் மேல, பாதி என் மேல. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு தெரியாத முண்டமா நான்?

"ஆஸ்பத்திரிக்கு நான் சொல்றேன். நீ உங்க அண்ணிகிட்டப் பேசு"ன்னார்.

அண்ணி குரல் தெளிவா இருந்துச்சு.

"குழந்தை பிறந்ததுலேருந்து இப்பத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். நர்ஸ் பக்கத்துலயே இருக்கட்டுமான்னு கேட்டாங்க. எங்க நாத்தனார் டெஸ்ட் பண்ண மெஷின், நீங்க போங்கன்னு பெருமையாச் சொல்லி அனுப்பிட்டேன்."

"அண்ணி, குழந்தை நெஞ்சைப் பாருங்க. இப்பவே. மெஷினை நம்பாதீங்க."

செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

"ஏறி இறங்குது"ன்னாங்க.

"மன்னிச்சிடுங்க அண்ணி, அது வந்து..."

"அப்புறம் சொல்லு. போனை வை. நான் குழந்தையைப் பார்க்கணும்."