அன்னத்தாய்க்குப் பரு வருமா

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வாங்கியது. செம்பூரில் நான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை உமாமகேஸ்வரியுடையது. ஒருநாள் டப்பாவைத் திறந்தபடியே, "எங்கம்மாவுக்கு நாக்கு அடியில கேன்ஸர்" என்றாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், "நீங்க கத எழுதுற ஆள்தான? எழுதுங்க. ஒரே கண்டிஷன், அம்மாவ சாகடிக்கக் கூடாது" என்றாள்.

சரி என்றேன். கதை எழுதுகிறவன் சொல்லக் கூடாத சரி அது.

முதல் தொடக்கம்: 'தாராவியின் குறுகிய சந்துகளில் சூரியன் நுழையத் தயங்கும் ஒரு காலையில்…' (வேண்டாம். உமாவின் அம்மா வீட்டு மாடியறையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'அன்னத்தாய்க்கு வயது அறுபத்து மூன்று. அவள் கணவர் போன பிறகு…' (இதையும் விட்டேன். உமாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அம்மாவோ பொட்டலம் கட்டிய தாளைக்கூட விடமாட்டார். பிரதி அவர் கைக்குப் போனது. 'அவள்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, "இந்தத் தம்பிக்கு வயசென்ன?" என்று கேட்டாராம். எனக்கு நாற்பத்தொன்று. ஆகவே இனி 'அவர்'.)

2

டாக்டர் நஸீரா பொறுமைசாலி. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். உமா தமிழில் சொன்னாள். அன்னத்தாய் இரண்டையும் கேட்டுவிட்டு, மகள் விட்டுப்போனதை அவளுக்கே எடுத்துக்கொடுத்தார்.

ஆறேழு வாரம் கதிர்வீச்சு. அதோடு ஒரு மருந்து. எது என்பதுதான் கேள்வி. முதல் மருந்து நெடுங்காலமாகக் கொடுத்துவருவது. அது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் அதிகம். ஆனால் கிட்னியையும் காதையும் பதம் பார்க்கும். அன்னத்தாயின் கிட்னி ஏற்கெனவே சுணக்கம், வலது காது மந்தம். பாதியில் நிறுத்த வேண்டி வரலாம். இரண்டாவது மருந்து, புற்றுநோய் செல்லைக் குறிவைத்துப் போவது. அந்தச் செல்லின்மேல் இருக்கும் ஒரு பூட்டில் போய் அடைத்துக்கொண்டு, 'வளர்' என்று வரும் செய்தியைத் தடுக்கும். கிட்னியையும் காதையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் இவருடைய நோய்க்கு முதல் மருந்து அளவுக்கு ஆதாரம் இல்லை. கூடவே, முகமெல்லாம் பரு மாதிரி வரும்.

"பருவா?" என்றார் அன்னத்தாய். "எனக்கா?"

"ஆமாம்மா. பிம்பிள்."

"குறி வச்சிப் போவுதுன்னா, அதுக்குக் கண்ணு இருக்கான்னு கேளுட்டி."

உமா தயங்கித் தயங்கிக் கேட்டாள். டாக்டர் சிரிக்காமல் பதில் சொன்னார்: கண் இல்லை, அந்தப் பூட்டைத்தான் தேடும். தோலிலும் அதே பூட்டு உண்டு. அங்கேயும் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பரு.

"வீடு மாத்திக் கதவத் தட்டுத தபால்காரன்" என்றார் அன்னத்தாய். இதை ஹிந்தியில் சொல்ல உமாவுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்பதை மட்டும் "சமஜ் கயீ" என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

கடைசியில் டாக்டர் சொன்னது: "என் மனசு ரெண்டாவது பக்கம். ஆனா இது வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு சொல்ற விஷயம் இல்ல. வீட்ல பேசிட்டு வாங்க."

(மருத்துவர்கள் சொல்வதில் மிகவும் பயங்கரமான வாக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான்.)

3

வீட்டில் பேசினார்கள். அதாவது, தாராவி வீட்டின் கீழறையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, இரும்பு ஏணியில் ஏறி மாடியறைக்குப் போய்க் கிசுகிசுத்தார்கள். உமா, பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் தம்பி இசக்கிராஜ், ஆண்டாப் ஹில்லில் இருந்து பஸ் பிடித்து வந்த தாய்மாமா பிச்சை.

உமா இரண்டு மருந்துக்கும் நல்லது கெட்டதைப் பட்டியல் போட்டு, அம்மாவும் படிக்கட்டும் என்று போனில் தமிழில் அடித்துக் காகிதத்தில் எடுத்து வந்திருந்தாள். இரண்டாவதன் தலைப்பு: 'இலக்கண மருந்து'. போன் தானாகத் திருத்தியது. அவள் அடித்தது 'இலக்கு மருந்து'.

"அக்காவுக்கு இலக்கணம் எதுக்கு? அவ பேசுததுல தப்பே கெடையாதே" என்றார் பிச்சை மாமா.

"மாமா, சீரியஸா பேசுங்க."

"சீரியஸாத்தான் சொல்லுதேன். பழைய மருந்துதான் கெட்டி. எத்தன பேர் சாப்ட்டிருப்பான்!"

"சாப்புடுறதில்ல மாமா, ட்ரிப்."

இசக்கிராஜ் கையை உயர்த்தினான். "எது ஸ்ட்ராங்கோ அத குடுங்க. காது போனா மிஷின் வாங்கிக்கலாம். அம்மா போனா மிஷின் இருக்கா?"

 உமாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததும் அதேதான். அவளுக்கு இரண்டாவது மருந்துதான் சரி என்று பட்டது. ஆனால் அதைச் சொல்லி, அது போதாமல் போய்விட்டால்? ஒவ்வொரு வருஷத் திதியிலும் தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான். சும்மா பார்ப்பான். அந்தப் பார்வையை அவள் இப்போதே பார்த்துவிட்டாள்.

(இந்த இடத்தில் ஒரு நீண்ட, உருக்கமான பத்தி எழுதியிருந்தேன். உமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுதாள். எடுத்துவிட்டேன்.)

அப்போது ஏணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. கரகரத்த, ஆனால் தெளிவான குரல்.

"கிசுகிசுன்னு பேசினா கேக்காதுன்னு நெனச்சியளோ? எனக்கு வலது காதுதான் மந்தம். எடது காது ரெண்டு காது வேல பாக்கும். எறங்கி வாங்க."

இறங்கினார்கள்.

"எனக்குக் காது வேணும்" என்றார் அன்னத்தாய்.

"எதுக்கும்மா?" என்றான் இசக்கிராஜ்.

அவர் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அந்தப் பக்கம் ஆஸியா வீடு. எட்டு மாதமாக மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.

"நேத்து மருமக பெட்டி கட்டிட்டா. போனாளா இருந்தாளான்னு தெரியாம நான் எப்பிடிடே செவுடா இருக்க?"

(அவர் காது கேட்க விரும்பியதற்கு நான் மூன்று அழகான காரணங்கள் வைத்திருந்தேன். மகளின் குரல். மழை. செத்துப்போன கணவர் இருமுவது போலக் கேட்கும் ஏதோ ஓசை. மூன்றையும் படித்துவிட்டு, "அவ்வோ இருந்த காலத்துலயே, இருமினா நான் எந்திரிச்சி வெளிய போயிருவேன்" என்றாராம்.)

பிச்சை மாமா சிரித்தார். உமா சிரிக்கவில்லை. "எம்மா, அந்த மருந்து போதாமப் போச்சுன்னா?" என்றாள். 

"போதாமப் போனா ஒனக்கென்ன? நீயா கேட்ட? நாந்தான கேட்டேன்?" அன்னத்தாய் கையை நீட்டினார். "ஆஸ்பத்திரியில குடுத்த சம்மதப் பேப்பரக் கொண்டா. ஒன் பேரும் வேண்டாம், அவன் பேரும் வேண்டாம். நானே கையெழுத்துப் போடுதேன்."

மடியில் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதத்தை வைத்து, முழுப் பெயரையும் எழுதினார். இசக்கிராஜ் வாசற்படிக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

4

சிகிச்சை தொடங்கியது. பரு வந்தவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்வதாகச் சிலர் கவனித்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் பாதி மட்டும் குடும்பத்தின் காதில் விழுந்தது.

தினமும் காலையில் இசக்கிராஜ் போன் டார்ச்சை அம்மா முகத்தில் அடித்தான். பிச்சை மாமா பஸ்ஸிலிருந்தே போன் போட்டு, "முளைச்சிதா?" என்பார். ஆறாம் நாள் நெற்றியில் ஒன்று வந்தது. மாமா லட்டு வாங்கி வந்தார். அது கொசுக்கடி. லட்டைத் திருப்பித் தர முடியாது என்று அவரே தின்றார்.

பத்தாம் நாள் மூக்கில் நிஜமாகவே வந்தது. பிறகு கன்னம், தாடை, நெஞ்சு, தலை. உமா சந்தோஷத்தில் ஆபீஸில் எல்லோருக்கும் போட்டோ காட்டினாள். இசக்கிராஜ் கடையில் பரு க்ரீம் வாங்கி வந்தான். டாக்டர் தானே எழுதிக்கொடுத்ததைத் தவிர எதையும் தொடக் கூடாது என்றார். வாங்கிய க்ரீமை இப்போது அவனே பூசிக்கொள்கிறான்.

(பிறகு வேடிக்கை குறைந்தது. பரு எரிந்தது. தொண்டை புண்ணாகி, தண்ணீர் இறங்குவதே வேலையாகிவிட்டது. இரண்டு வாரம் அன்னத்தாய் பேசவே இல்லை. சுவரோரம் இடது காதை வைத்துப் படுத்திருந்தார். உமா ஆபீஸில் டப்பாவைத் திறக்காமலே மூடிவைத்தாள். இந்தப் பகுதியை நீட்ட எனக்குக் கை வரவில்லை.)

ஆறு வாரம் முடிந்தது. பேச்சு திரும்பியது. முதல் வார்த்தை: "அந்த மருமக போகல."

5

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனின் ரிப்போர்ட் வருகிற வியாழக்கிழமை வரும். அதற்குள் நான் கதையை முடித்தாக வேண்டும். இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) டாக்டர் நஸீரா உறையைப் பிரித்துவிட்டுப் புன்னகைக்கிறார்.

ஆ) டாக்டர் நஸீரா உறையைப் பிரித்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டு… (ஒப்பந்தத்தை மீறுகிறேன் என்று தெரியும். எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.)

இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தாராவிக்கு நானே போனேன். அன்னத்தாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் படித்தார். கன்னத்தில் பருத் தழும்புகள் இன்னும் சிவந்திருந்தன. உமா கதவருகே நின்றாள்.

தாள்களை மடித்து என் கையில் கொடுத்தார்.

"தம்பி, கெட்டது நடந்தா நான் இதப் படிக்கப் போறதில்ல. நல்லது நடந்தா படிக்காமலே எனக்குத் தெரியும். பின்ன யாருக்கு எழுதுதீங்க?"

நான் உமாவைப் பார்த்தேன். உமா என்னைப் பார்த்தாள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் உங்களைப் பார்க்கிறோம்.