சித்தி பேசாத ஒரு நிமிடம்

நாங்கள் 'காது' என்று கூப்பிடும் என் நண்பனின் அக்கா, லேப்டாப்போடு இணைத்திருந்த ஸ்பீக்கரை இரண்டு தட்டு தட்டினாள்.

"போச்சுடா. சத்தமே வரல."

எங்கள் குறும்படத்தின் உயிரே அந்த இடம்தான். அம்மாவாக நடிக்கும் என் சித்தி போனை எடுக்கிறாள், கேட்கிறாள், வைக்கிறாள், பிறகு ஒன்றும் பேசாமல் சமையலறையில் நிற்கிறாள். போனில் வந்தது கெட்ட சேதி. யாருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் யோசிக்கவில்லை. குறும்படம் என்றால் யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும், அவ்வளவுதான்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குக்கா. இது மௌனம்," என்றேன்.

"மௌனமா? கரண்ட் போன மாதிரி இருக்கு."

காது தலையில் கைவைத்துக்கொண்டான். ஒலிப்பதிவு அவன் பொறுப்பு. காது இரண்டும் கொஞ்சம் தாராளமாக அமைந்துவிட்டதால் பட்டப்பெயரையும் பதவியையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டோம். அக்கா சொன்னது அவனுக்கு உடனே உறைத்தது. சித்தி வாய் திறக்காத காட்சியில் வாய் திறந்தவன் இயக்குநராகிய நான். 'சித்தி, சோகம் பத்தல', 'கண்ணை மூடாதீங்க', 'லைட்டை எவன்டா ஆட்டுறது' என்று காட்சி முழுக்க என் திருக்குரல். அதைத் துடைத்தெடுத்தபின் அடியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. படம் அந்த இடத்தில் செத்துக் கிடந்தது.

"ஷூட்டிங் முடிஞ்சதும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு, அந்த ரூமோட சும்மா சத்தத்தை ஒரு நிமிஷம் பிடிச்சு வச்சுக்கணும்டா. சொன்னேன்ல? நீதான் பசிக்குதுன்னு கிளம்பிட்ட," என்றான் காது.

"இப்ப இந்த ரூம்ல பிடிச்சுக்கோ."

"இந்த ரூம் இந்த ரூம் மாதிரிதான் கேட்கும். உங்க சித்தி கிச்சன் மாதிரி கேட்காது."

படத்தைப் போட்டிக்கு அனுப்ப அன்று மாலைதான் கடைசி. அதில் உருப்படியாக இருந்தது அந்த ஒரே இடம். அதுவும் சித்தி செய்தது. அது செத்துக் கிடந்தால் அனுப்பி என்ன, அனுப்பாவிட்டால் என்ன?

ஆனால் சித்தி என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். காரணம், ஃப்ரிட்ஜ். படப்பிடிப்பு அன்று அதன் உறுமல் மைக்கில் விழுகிறதென்று காது அதை அணைத்தான். திரும்பப் போட எங்கள் இருவருக்கும் நினைவில்லை. சித்தியும் சித்தப்பாவும் அன்றே வெளியூர் கிளம்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, உள்ளே வைத்திருந்த மீன் வாசல்வரை வந்து வரவேற்றதாம். மூச்சு வாங்கும் இடைவெளியிலும் பேசுகிற சித்தி, அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போய் நின்றோம். கதவைத் திறந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"என்னங்க, உங்க அண்ணன் மகன் வந்திருக்கான். இன்னைக்கு எதை அணைக்க வந்திருக்கான்னு கேளுங்க."

சித்தப்பா செய்தித்தாளை இறக்காமலே, "எதைடா அணைக்க வந்திருக்க?" என்றார்.

"ஃப்ரிட்ஜைத்தான் சித்தப்பா."

செய்தித்தாள் குலுங்கியது. சித்தி குலுங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால் அவள் நடித்ததே வீண் என்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். அப்போது காது பைக் சாவியை எடுத்து நீட்டினான்.

"இதை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிடுங்க. அதைத் திறக்காம நான் வீட்டுக்குப் போக முடியாது. திறந்ததும் உள்ள லைட் எரியலைன்னா தெரிஞ்சிடும்."

"இந்தப் புத்தி அன்னைக்கு எங்க மேயப் போச்சுன்னு கேளுங்க."

"எங்கடா மேயப் போச்சு?" என்றார் சித்தப்பா.

சித்தி சாவியைப் பிடுங்கித் தக்காளிகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

காது ஃப்ரிட்ஜை அணைத்தான். மின்விசிறியை நிறுத்தினான். சித்தப்பாவின் கையிலிருந்து செய்தித்தாளை மரியாதையாக வாங்கி வைத்தான். "சித்தி, அன்னைக்கு நின்ன இடத்துலயே நில்லுங்க. ஆள் இருக்கிற ரூம் வேற, இல்லாத ரூம் வேற." பிறகு ஹெட்போனை என் தலையில் மாட்டினான். "நீ கேளு. அப்பதான் வாயைத் திறக்க மாட்ட."

முதலில் ஒன்றும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பிறகு, இருட்டில் கண் பழகுவதுபோல, என் செவி பழகியது. நின்றுகொண்டிருந்த விசிறி எங்கோ ஒரு 'டக்' சொன்னது. சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கிப் போனது. பக்கத்து அறைக் கடிகாரம் கதவிடுக்கு வழியாக மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளை கம்பியை உரசிவிட்டு விலகியது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பெயர் கேட்கவில்லை, கூப்பிடுவது மட்டும் கேட்டது. சிறுவயதிலிருந்து நான் வந்துபோகும் வீடு. இத்தனையும் இங்கேயே இருந்திருக்கிறது. நான் பேசிக்கொண்டே இருந்ததால் வீடு எல்லாவற்றையும் தனக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மூச்சு. சித்தியுடையது. உள்ளே போய், நின்று, யோசித்து, வெளியே வந்தது. பிறர் கடிதத்தைப் பிரித்துவிட்டவன்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

நிமிடம் முடிந்தது. 'கட்' சொல்ல வேண்டியவன் நான். எனக்கு வரவில்லை. காதுதான் கையைத் தூக்கினான். சித்தப்பா எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று காத்திருந்தேன். அவரும் சொல்லவில்லை.

சமையல் மேடையிலேயே லேப்டாப்பை வைத்துக் காது அந்த மௌனத்தைக் காட்சிக்கு அடியில் விரித்தான். ஓடவிட்டான்.

அதே படம்தான். அதே சித்தி, அதே அடுப்பு. ஆனால் திரைக்குள் இப்போது காற்று இருந்தது. அவள் போனை வைத்துவிட்டு நின்றாள். குழாயில் தண்ணீர் இறங்கியது. அந்த வீட்டில் எதுவுமே நிற்கவில்லை, அவள் மட்டும் நின்றிருந்தாள். கிளை கம்பியை உரசியபோது அவள் கண் லேசாக அசைந்தது. அன்று ஏன் அசைந்ததோ! இன்றைய கிளைக்காகவே அசைந்ததுபோல் இருந்தது. நான் இயக்கிய படமாம்!

சித்தப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"போன்ல யாரு?"

"இவன்கிட்ட கேட்டேன், சொல்லத் தெரியல. நானே ஒண்ணு நினைச்சுக்கிட்டேன்."

"என்ன நினைச்ச?"

சித்தி மேடையில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல.

அங்கேயே உட்கார்ந்து படத்தை அனுப்பினோம். சொல்லிக்கொண்டு வெளியே வந்து, தெருவில் பைக் அருகே போய் நின்றோம். காது சட்டைப்பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். இருவரும் திரும்பி ஓடினோம்.

சித்தி திறந்த ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே இருட்டு. விரலில் சாவி ஆடிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் மறந்துட்டீங்கல்ல?" என்றாள். சித்தப்பாவிடம் இல்லை, நேராக என்னிடம்.

"ஆமா சித்தி."

"அடுத்த படத்துல எனக்கு வசனம் வேணும்."

சுவிட்சைப் போட்டாள். ஃப்ரிட்ஜ் ஒரு முறை இருமிவிட்டு உறும ஆரம்பித்தது. அந்த உறுமலுக்கு அடியில் மற்றதெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று நாங்கள் நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.