என் அண்ணன் பார்த்த கரும்புள்ளி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னல், நடுவில் கொடிக்கயிறு. இதற்குப் 'பிரபஞ்சத்தின் வாசல்' என்று பெயர் சூட்டியவன் என் அண்ணன். நான் ஒரு போர்வையை விரித்துப் போட்டால் பிரபஞ்சம் மூடிக்கொள்ளும்.

அண்ணனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம். பகலெல்லாம் மனிதர்கள் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடுவான்; பொழுது சாய்ந்ததும் நட்சத்திரங்கள் எப்போது சாகும் என்று சொல்லித்தருவான். 'வான்நோக்கர் வட்டம்' என்று ஒன்றை வேறு நடத்துகிறான். அதில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்ததைவிட அடுத்தவர் வாங்கிய டெலஸ்கோப்பைப் பார்த்ததுதான் அதிகம். வியாழன் கிரகத்தில் இரண்டு பட்டைகள் தெரிந்தன என்று ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு நாலு தெரியும். மூன்றாமவர் வாயைத் திறப்பதற்குள் நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

இந்தக் கூட்டத்தில்தான் என் கணவர் போய் மாட்டிக்கொண்டார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவர் கண்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைப் பரிசோதித்துச் சான்று கொடுத்தால்தான் பஸ் சாவியைக் கையில் தருவார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை. இதுவரை ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம், "ரோட்டையே பாத்துட்டு இருந்தா எப்படி மாப்ளே, கொஞ்சம் தலையத் தூக்கிப் பாருங்க" என்று அண்ணன் ஆரம்பித்து வைத்தான்.

டெலஸ்கோப் வந்தது. பெட்டியின் மேல் ஊதாவும் சிவப்புமாக ஒரு நட்சத்திர மண்டலம் சுழன்றுகொண்டிருந்தது. 'ஐந்நூறு மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு குழாயும் மூன்று கால்களும் இருந்தன. மூன்று காலும் மூன்று விதமாக ஆடின. முதல் நாள் அவர் பிடித்தது பக்கத்துத் தெரு செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கை. செவ்வாய் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செவ்வாயில் எதற்கு ஏணி வைத்திருக்கிறார்கள் என்று நான்தான் கேட்டேன்.

அடுத்த நாள் அண்ணன் வந்து, பெரிய குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாயை எப்படி நேர் செய்வது என்று காட்டினான். பகலிலேயே அந்தக் கோபுரத்தின் உச்சியைப் பிடித்து, இரண்டு குழாயிலும் அது நடுவில் வரும்படி திருகிவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் இருட்டில் துழாவினால் நிலாகூடச் சிக்காது. அவன் ஆயுசில் சொன்ன உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். மங்கலானதை நேராகப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் தள்ளி ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னான். இதில் என் கணவர் சீக்கிரமே வட்டத்தில் முதல் ஆளாகிவிட்டார். மற்றவர்கள் திணறுகிற பொடி வெளிச்சமெல்லாம் இவருக்குச் சட்டென்று அகப்பட்டது. "உங்களுக்குப் பிறவியிலேயே ஓரப்பார்வை மாப்ளே" என்று அண்ணன் முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகுதான் புள்ளி வந்தது. நிலாவைப் பார்க்கும்போது ஒரு கரும்புள்ளி தெரிகிறது என்று இவர் அண்ணனிடம் சொன்னார். அவனுக்கு அது போதாதா? போனிலேயே வைத்தியம் பார்த்தான். முதலில் குழாய்க்குள் இருக்கும் கண்ணாடியில் தூசி என்றான், இவர் துடைத்தார். பிறகு ஐபீஸ் மட்டம் என்றான், அதாவது நாம் கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன லென்ஸ். இவர் வேறு வாங்கினார். அப்புறம் கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது, காற்றில் ஈரம், தெருவிளக்கின் வெளிச்சக் கசிவு என்று வாரத்துக்கு ஒரு வியாதி கண்டுபிடித்தான். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். எங்கள் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பல்லைக் குறை சொல்வார்.

கடைசியில் அண்ணன் நேரில் வந்தான், வட்டத்து ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. ஐபீஸில் கண்ணை வைத்தான். மூச்சை அடக்கினான். நாங்கள் எல்லோரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இருக்கு. லேசா இருக்கு. பழகின கண்ணுக்குத்தான் தெரியும்" என்றான்.

கூட வந்த இருவருக்கும் பழகின கண் என்பது உடனே ஊர்ஜிதமானது. ஒருவருக்கு அது கொஞ்சம் நீளவாக்கில்கூடத் தெரிந்தது. என் கணவர் முகம் அன்றைக்கு மலர்ந்த மாதிரி எங்கள் கல்யாணத்தன்றுகூட மலரவில்லை. நாலு பேர் தன் பொம்மையை மெச்சிவிட்ட சந்தோஷம் என்று நினைத்து நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கண் சான்றைப் புதுப்பிக்கச் சொல்லி பஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் இவர். மறுபடியும் வந்தது. புள்ளியைப் படம் பிடிக்க வேண்டும், நிலா தேய்ந்துவிடும் என்றார். தேய்ந்த நிலா திரும்ப வளரும், போன வேலை வராது என்று நான் கத்தினேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வட்டம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்து புள்ளியைத் தரிசிக்கும் என்று அண்ணன் அறிவித்துவிட்டான். கூட்டத்துக்கு இடைஞ்சல் என்று என் கொடிக்கயிற்றை வேறு அவிழ்க்கச் சொன்னான். அன்றைக்கு வெளிச்சம் இன்னும் போகவில்லை, அரை நிலா மேலே வந்திருந்தது. என் கணவர் நாற்காலிகளைப் போட்டு முடித்துவிட்டு அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். என் கயிற்றை அவிழ்க்கும் அளவுக்கு அது என்ன புள்ளி, பார்த்துவிடலாம் என்று குழாயிடம் போனேன்.

நிலா நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பள்ளங்களின் நிழல்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல ஓரத்துக்கு நழுவியது. நானும் குழாயைத் தள்ளிக்கொண்டே பார்த்தேன். புள்ளி இல்லை. கண்ணை மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

"என்னங்க, இதுல ஒண்ணையும் காணோமே."

"உனக்குப் பழக்கமில்ல."

"எக்ஸ்ரேல ஊசிமுனை ஓட்டையெல்லாம் பாக்கறவ நான். நீங்க எந்தக் கண்ணால பாக்கறீங்க?"

"வலது."

"வாங்க, இடது கண்ணால பாருங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாருங்கன்னா."

"பாத்தாச்சு" என்றார்.

"எப்போ?"

"புள்ளி தெரிஞ்ச அன்னிக்கே."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. இவ்வளவு நாளும் இவரை ஏமாளி என்று நினைத்திருந்தேன். ஏமாளியாகவே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். இடது கண்ணுக்கு நிலா சுத்தமாக இருந்ததாம். வலது கண்ணால் எதைப் பார்த்தாலும், நிலாவோ கோபுரமோ என் முகமோ, பார்க்கிற இடத்தின் நட்டநடுவில் புள்ளி வந்து உட்கார்ந்ததாம். இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் எதுவும் வித்தியாசமாக இல்லையாம். அண்ணன் மெச்சிய அந்தப் 'பிறவி ஓரப்பார்வை' எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது.

"மொதல்ல மிளகு அளவு இருந்துச்சு. இப்ப கொஞ்சம் பெரிசாயிடுச்சு. ஆனா வண்டி நல்லாத்தான் ஓட்டறேன்."

எங்கள் மருத்துவமனைக்கு இப்படி எத்தனையோ பேர் வருகிறார்கள். சொத்தை என்று தெரிந்துகொண்டே பேஸ்ட்டை மாற்றுவார்கள், பிரஷ்ஷை மாற்றுவார்கள், டாக்டர் நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டார்கள். அவர்கள் போன பிறகு நானும் நர்ஸும் சிரிப்போம். என் வீட்டிலேயே ஒருவர் ஐபீஸை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"பஸ்ல குழந்தைங்க இருக்குங்க" என்றேன். "அடுத்தவங்க பெத்த குழந்தைங்க."

"தெரியும்."

"தெரிஞ்சும் எப்படிங்க தினமும் போய் உக்காந்தீங்க?"

"உங்கண்ணன் பாத்தேன்னாரே. கூட வந்தவங்களும் பாத்தாங்க" என்றார். "நான் ஒருத்தன் மட்டும் பாத்தா கண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். நாலு பேரும் பாத்தா டெலஸ்கோப்புல கோளாறுன்னு அர்த்தம். அப்படித்தானே?"

என்னிடம் அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்போது கெஞ்சினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். கழுத்தில் பைனாகுலர், தலையில் இருட்டுக்குப் பழகின கண் கூசாமலிருக்க ஒரு சிவப்பு விளக்கு, கையில் ஒரு மடக்கு நாற்காலி. அவன் உட்காரும் வரைகூட நான் பொறுக்கவில்லை.

"அண்ணா, புள்ளி நிலாவுலயும் இல்ல, லென்ஸ்லயும் இல்ல. இவர் கண்ணுல இருக்கு. நீ அன்னிக்கு நெஜமாவே பாத்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்கப்பட வேண்டியதுகூட இல்லை, நாங்கள் மூன்று பேர்தான் அங்கே இருந்தோம். வட்டத்து ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"பாத்தேனே" என்றான். "நல்லாவே பாத்தேன். நீ இதுக்குப் புதுசு, உனக்குத் தெரியாது."

என் கணவர் எழுந்தார். முகத்தில் அந்த மலர்ச்சி மறுபடி எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவர் அண்ணனுக்கு வெகு பக்கத்தில் போய் நின்றார்.

"மச்சான், நிலாவுல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இடது பக்கம் மாப்ளே. மேல, ஓரத்தை ஒட்டி." அண்ணன் காற்றில் விரலால் ஒரு வட்டம் போட்டு இடத்தையும் தொட்டுக் காட்டினான்.

என் கணவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மச்சான்" என்றார். அதற்குள் பின்னால் வந்த பெரியவர் ஒருவர் குழாயில் குனிந்துவிட்டிருந்தார். ஆமாம், தெரிகிறது, அருமை என்று அவர் சொல்வது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. என் கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து பஸ் ஆபீஸுக்குப் போட்டார். தனியாகப் போகவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் நின்றே பேசினார்.

"சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற டிரைவரைப் போடுங்க. இல்ல சார், ஜுரமெல்லாம் இல்ல. நாளைக்கு மட்டும் இல்ல சார். எனக்கு வலது கண்ணு தெரியல."