மழைக்குக் காத்திருந்த சுற்று

"ரேஸ் காடி ஓட்டுறவருக்குப் பயம் வந்தா உங்ககிட்ட சொல்வாராப்பா?"

மகள் தாமரை ஆறு வயதில், தோசையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே கேட்டது இது. சொல்ல மாட்டார்கள், குரலை வைத்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார் கமலநாதன். அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருந்தது.

எண்ணம் தவறில்லை. பிரிக்பீல்ட்ஸ் டயர் கடையில் சக்கரம் கழற்றத் தொடங்கியவர், கிள்ளானில் இருந்த ஒரு கார் பந்தயக் குழுவுக்கு மெக்கானிக்காகப் போய், கடைசியில் அதன் குரூ சீஃப் ஆனார். டயர் மாற்ற கார் எப்போது தடத்தோரப் பிட்டுக்குள் வர வேண்டும், எந்த டயர் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். பந்தயம் முழுக்க ரேடியோவில் ஓட்டுநரின் காதில் ஒலிப்பது அவர் குரல் மட்டுமே.

பக்கத்துப் பிட்டில் எப்போதும் வாலண்டைன் இருப்பார். வேறு குழுவின் குரூ சீஃப். இருவரும் ரயில்வே குவார்ட்டர்சில் ஒன்றாக வளர்ந்தவர்கள். பந்தயத்துக்கு முன் கமலநாதன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும்போது, "என்ன மச்சான், ஜூஸ் போட்டாச்சா? இனி என் காடி பின்னாலேயே வா லா" என்று வாலண்டைன் வம்புக்கு இழுப்பார். கமலநாதன் பதிலுக்கு அவருடைய ஜெபமாலையைக் காட்டி ஏதாவது சொல்வார்.

அன்று செப்பாங் பந்தயத் தடத்தில் நீண்ட பந்தயம். கமலநாதனின் காரை ஓட்டியவன் ரிஷி. டயர் தேய்ந்துவிட்டது, உள்ளே கூப்பிட வேண்டிய நேரம். ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் பொறுத்தால் மழை கொட்டும், நேரே மழை டயரையே மாட்டிவிடலாம். மற்றவர்கள் இரண்டு முறை நிற்கும்போது இவர்கள் ஒரு முறை நின்றால் போதும். பிட் சுவரோரம் உட்கார்ந்த எந்தக் குரூ சீஃபுக்கும் வரக்கூடிய ஆசைதான்.

"அண்ணே, பின்னால ஆடுது."

"மழை வருது தம்பி. ரெண்டு ரவுண்டு தாங்கு."

"சரிண்ணே" என்றான் ரிஷி.

அந்தச் சரியில் பயம் இருந்தது. கமலநாதனுக்கு அது கேட்டது. கேட்ட பிறகும் அவர் வானத்தைத்தான் பார்த்தார்.

பிட்டுக்கு எதிரே வரும்போது டயர் வெடித்தது. கார் சுவரில் மோதித் தீப்பிடித்தது. கமலநாதனுக்குக் கால் எழவில்லை. அதற்குள் வாலண்டைன் சுவரைத் தாண்டிக் குதித்திருந்தார். கையுறை கூட இல்லை. தீக்குள் கைவிட்டு, கொதித்துக் கிடந்த பெல்ட் கொக்கியைப் பிடித்துக் கழற்றி, ரிஷியை வெளியே இழுத்துப் போட்டார்.

ஆம்புலன்ஸ் போன பிறகு மழை வந்தது.

ரிஷி பிழைக்கவில்லை. ஆனால் மருத்துவமனையில் சில நாள் நினைவோடு கிடந்தான். "பசிக்குதும்மா" என்று ஒருமுறை கேட்டானாம். அவன் அம்மா மாதவி கஞ்சியைக் கரண்டியால் புகட்டினார். காரியம் முடிந்த அன்று அந்த அம்மாள் கமலநாதனிடம், "வாலண்டைன் தம்பியாலதான் பிள்ள முகத்தப் பாத்துப் பேசினேன்" என்றார். காரை உள்ளே கூப்பிடாமல் ஓட விட்டது தான்தான் என்பதைக் கமலநாதன் விசாரணையிலும் அந்த அம்மாளிடமும் முன்பே சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அவரைத் திட்டாததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

பந்தயத்தை விட்டுவிட்டுக் கிள்ளானில் லோரிகளுக்கு எண்ணெய் மாற்றும் வேலைக்குப் போனார். வாலண்டைனும் குழுவில் நீடிக்க முடியவில்லை. தீப்பட்ட விரல்கள் பாதி மடங்கிச் சுருங்கி, கையை முழுதாக மூட வராது. சாலாக் செலாத்தானில் சின்னதாக ஒரு பட்டறை போட்டார். மேல்மாடியிலேயே வீடு, அவரும் மனைவி சூசனும் மட்டும். சோறு அந்தப் பட்டறையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

சம்பளமில்லாமல் கூட நின்று வேலை செய்கிறேன் என்று கமலநாதன் போய்க் கேட்டார்.

"எனக்குப் பரிதாபம் வேணாம்லா கமலா" என்றார் வாலண்டைன். "உள்ள போனது நான். நீ தள்ளி விடல."

திரும்பும்போது கமலநாதன் வாசலில் நின்று பார்த்தார். துருப்பிடித்த நட்டு ஒன்றில் வாலண்டைன் ஸ்பானரை மாட்டி உடம்பையே சாய்த்தார். பிடி நழுவி முழங்கை தரையில் இடித்தது. மறுபடி மாட்டினார். ஒரு நட்டு கழலாததால் ஒரு கார் நாள்கணக்கில் கிடந்தது. பொறுமையிழந்தவர்கள் ஒவ்வொருவராக வண்டியை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் கிறிஸ்துமசுக்குள் பட்டறைக்கு ஷட்டர் விழுந்துவிடும்.

ஞாயிறு காலை வாலண்டைனும் சூசனும் தேவாலயப் பூசைக்குக் கிளம்பும்வரை கமலநாதன் பட்டறைக்கு எதிர்ச்சாரியில் காத்திருந்தார். பின்கதவுச் சாவியை வாலண்டைன் மீட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் செருகுவார் என்பது அவருக்குத் தெரியும். உள்ளே போய், தூக்கி நிறுத்தியிருந்த காரின் அடியில் நுழைந்தார். இறுகிப்போன நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, முழுப் பலத்தோடு ஒவ்வொன்றாக இளக்கினார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி முடுக்கினார், முன்போல் இறுக்கமாக அல்ல. தன் விரல்களையும் வாலண்டைனைப் போலப் பாதி மட்டும் மடக்கிக்கொண்டு ஸ்பானரைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். இப்போது வந்தது.

பூசை முடிய நேரமாகியிருந்தது. வழிந்த எண்ணெயைத் துடைத்து, குழாயை இருந்த இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மூலையில் நின்ற அடுத்த காரைப் பார்த்தார். அதற்கு வரும் ஞாயிறுதான் வர வேண்டும். கதவைப் பூட்டி, சாவியைச் செருகிவிட்டு, எண்ணெய் படிந்த கைகளைக் கால்சட்டைப் பைகளில் மறைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்.